வறட்சியைத் தாங்கும் பயிர்: ரகசியம் சொல்லும் சிறு ஆர்.என்.ஏ.

போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குள் விடியும் முன்பே லாரிகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. பெட்டி பெட்டியாகத் தக்காளி இறங்குகிறது. பச்சை மிளகாய் மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஹமாலிகள் ஓடுகிறார்கள். தெலுங்கும் உருதும் கலந்த அந்த இரைச்சலுக்கு நடுவே அவ்வப்போது தமிழும் காதில் விழும். இரண்டு தமிழர்கள் சந்தித்துக்கொண்டால் சௌக்கியம் விசாரித்த கையோடு வரும் அடுத்த கேள்வி, "ஊர்லே மழை உண்டா?" என்பதுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. ராமநாதபுரம், புதுக்கோட்டை, தருமபுரி போன்ற வானம் பார்த்த பூமியிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் பலர், மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி விதைக்கும் உரத்துக்கும் உழவு கூலிக்கும் போகிறது. மழை பொய்த்தால் அந்தப் பணமும் மண்ணோடு போகிறது. சிலருக்கு ஐதராபாத்துக்கு வண்டி ஏற வேண்டி வந்ததே அப்படிப் போன ஒரு வருஷத்தால்தான்.

ஊரில் பயிர் வைத்தவர்கள் எல்லோரும் கண்டிருக்கும் ஒரு காட்சி உண்டு. பக்கத்துப் பக்கத்து வயல், ஒரே மண், ஒரே வெயில். ஒன்றில் பயிர் கருகி வைக்கோலாகிறது. மற்றொன்றில் வேறு ரகம். வாடுகிறது, ஆனால் சாகவில்லை. ஒரு தூறல் விழுந்ததும் தலை நிமிர்கிறது. "அந்த விதைக்கு அந்தக் குணம்" என்று பெரியவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தக் குணம் செடிக்குள் எங்கே இருக்கிறது என்று தேடிய விஞ்ஞானிகளுக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று, மிக மிகச் சிறிய ஒரு பொருள். அதன் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ.

ஓர் ஆபீஸ் கணக்கு

இதைப் புரிந்துகொள்ள ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்குக் கஷ்டமே இல்லை. உயிரணுவின் நடுவே உள்ள மரபணுக்களைப் பதிவறையில் பூட்டி வைத்திருக்கும் மூல ஃபைல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மூல ஃபைல் வெளியே போவதில்லை. அதிலிருந்து ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்பப்படுகிறது. இந்த நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். நகலைப் பார்த்துப் பட்டறையில் புரதம் தயாராகிறது. இலையின் பச்சை, வேரின் நீளம், தண்டின் வலு ஆகிய எல்லாமே இப்படித் தயாராகும் புரதங்களின் வேலைதான்.

எழுதிய உத்தரவெல்லாம் அமலுக்கு வந்தால் ஆபீஸ் நடக்காது. எந்த உத்தரவை நிறுத்துவது என்று ஒருவர் பார்க்க வேண்டும். செடிக்குள் அந்த வேலையைச் செய்வது மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவின் பாஷைக்கு நான்கே எழுத்துகள், தூது ஆர்.என்.ஏ. என்பது ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட நீண்ட கடிதமாக இருக்கலாம். மைக்ரோ ஆர்.என்.ஏ.வோ சுமார் 21 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டுச் சீட்டு. ஆர்கோனாட் என்ற புரதம் இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே போகும் நகல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. எழுத்துக்கு எழுத்து இணை பொருந்தும் நகல் அகப்பட்டால் அதை இரண்டாக வெட்டிவிடுகிறது. மூல ஃபைல் அப்படியே இருக்கிறது. உத்தரவு மட்டும் போய்ச் சேருவதில்லை. நிலைமை மாறினால் சீட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். மழை நின்ற மறுவேளையே செடி தன் காரியங்களை மாற்றிக்கொள்ள முடிவது இதனாலும்தான்.

வெள்ளையாகப் பூத்த பூ

இந்தச் சங்கதி வெளியே வந்த கதை வேடிக்கையானது. 1990-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஜோர்கன்சனும் அவரது சகாக்களும் பெட்டூனியா என்ற பூச்செடிக்கு இன்னும் ஆழ்ந்த ஊதா நிறம் வர வேண்டும் என்று, நிறம் தரும் மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ஊதா ஏறுவதற்குப் பதில் பல பூக்கள் வெள்ளையாகப் பூத்தன! கூடுதலாகப் போட்ட மரபணு தானும் வேலை செய்யவில்லை, செடியில் முன்பே இருந்ததையும் வேலை செய்ய விடவில்லை. ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

1993-ல் விக்டர் ஆம்புரோஸ், கேரி ருவ்குன் ஆகிய இருவரும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணிய புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டார்கள். புழுவுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று எண்ணி உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1998-ல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோர் ஆர்.என்.ஏ.வைக் கொண்டே ஒரு மரபணுவின் வாயை அடைக்கலாம் என்று காட்டினார்கள். மறு வருஷம் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோம்பும், வாய் அடைக்கப்பட்ட செடிகளுக்குள் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள் இருப்பதைக் கண்டார்கள். பெட்டூனியாவின் புதிருக்கும் அதில்தான் விடை இருந்தது. ஃபயர், மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆம்புரோஸுக்கும் ருவ்குனுக்கும் 31 வருஷம் கழித்து, 2024-ல் கிடைத்தது.

வறட்சிக்கும் இதற்கும் உள்ள தொடர்பைத் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்து மனிதர். மழை குறைவுக்குப் பெயர் போன அனந்தப்பூரில், ஸ்ரீ கிருஷ்ணதேவராயா பல்கலைக்கழகத்தில் 1990-களில் மல்பெரிச் செடி வறட்சியைத் தாங்கும் விதத்தை ஆராய்ந்தவர் ராமாஞ்சுலு சுங்கர். பின்னர் அமெரிக்கா சென்ற அவர், ஜியான் காங் சூ என்ற சீன விஞ்ஞானியுடன் சேர்ந்து 2004-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியைக் குளிரிலும் உப்பிலும் வறட்சியிலும் வைத்துப் பார்த்ததில், சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கூடின, சில குறைந்தன. அதாவது, துன்பம் வரும்போது செடி தன் துண்டுச் சீட்டுகளை மாற்றி அடுக்குகிறது. இதன் பிறகு நெல், கோதுமை, சோளம், கொண்டைக்கடலை, தட்டைப்பயறு என்று பயிர் பயிராகத் தேடல் தொடங்கியது.

இலையின் வாயை மூடுவது யார்?

இலையின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுப்பது இவற்றின் வழியாக. தண்ணீரை ஆவியாக இழப்பதும் இவற்றின் வழியாகத்தான். மண் காய்ந்தால் வேரும் இலையும் அப்சிசிக் அமிலம் என்ற ரசாயனத்தைப் பெருக்குகின்றன, துளைகள் மூடுகின்றன. மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் சாப்பாடு நின்றுபோகும். திறந்தால் சாப்பாடு கிடைக்கும், நீர் போய்விடும். வறட்சியில் பயிரின் பிழைப்பே இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் பேரம்தான்.

2008-ல் சூவின் குழு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. அந்தக் கடுகுக் குடும்பச் செடியில் 169 என்று எண்ணிடப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. சாதாரண நாளில் ஒரு குறிப்பிட்ட உத்தரவைத் தடுத்து வைத்திருக்கிறது. துளைகளை மூடத் துணை செய்யும் உத்தரவு அது. வறட்சி வந்ததும் 169 குறைகிறது. தடை நீங்குகிறது, உத்தரவு போகிறது, துளை மூடுகிறது. விஞ்ஞானிகள் வேண்டுமென்றே 169-ஐ மிகுதியாக்கிய செடிகளோ தண்ணீரை வேகமாக இழந்து வாடின.

அப்படியானால் எல்லாப் பயிரிலும் 169-ஐக் குறைத்துவிட்டால் வறட்சி ஒழிந்ததா? அங்கேதான் சிக்கல். 2011-ல் தக்காளியில் அதே குடும்பத்து மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்றைக் கூட்டிப் பார்த்தார்கள். தக்காளிச் செடி வாடவில்லை; துளைகளைக் குறுக்கிக்கொண்டு வறட்சியைக் கூடுதலாகத் தாங்கியது! ஒரு செடிக்கு நஞ்சான சீட்டு மற்றொன்றுக்கு மருந்து. இந்த இடத்தைத் தாண்டாமல் "அதிசயப் பயிர் வந்துவிட்டது" என்று எழுதிவிடுபவர்கள் உழவனுக்கு உதவி செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்தியாவிலேயே நடந்த ஒரு நல்ல ஆராய்ச்சி இந்தச் சிக்கலின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. உத்தரப்பிரதேசத்தின் நாகினா என்ற ஊரின் பெயரைத் தாங்கிய நாகினா 22, வெயிலுக்கும் வறட்சிக்கும் அசையாத பழைய நெல் ரகம். டில்லிப் பல்கலைக்கழகத் தெற்கு வளாகத்தைச் சேர்ந்தவர்கள் 2013-ல் அதையும் வந்தனா என்ற தாங்கும் ரகத்தையும், தாங்காத ரகங்கள் சிலவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வறட்சியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 408 நாகினாவிலும் வந்தனாவிலும் கூடியது. பூசா பாசுமதி போன்ற தாங்காத ரகங்களில் குறைந்தது. இரண்டும் நெல்தான். சீட்டும் ஒன்றே. எப்போது எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்பதில்தான் வித்தியாசம். பெரியவர்கள் "அந்த விதைக்கு அந்தக் குணம்" என்று சொன்னதன் ஒரு துணுக்கு இங்கே அகப்பட்டது.

408-ஐக் கூட்டிய கொண்டைக்கடலை வறட்சியைத் தாங்கியது என்று 2015-ல் துருக்கியில் கண்டார்கள். அதே ஆண்டு வெளியான வேறோர் ஆராய்ச்சியில், கடுகுக் குடும்பச் செடிக்கு 408-ஐக் கூட்டியபோது அது உப்பையும் குளிரையும் நன்றாகத் தாங்கியது. வறட்சியில் மட்டும் முன்னிலும் மோசமாக வாடியது.

நெல் விவசாயிக்கு நன்றாகப் புரியக்கூடிய மற்றொரு சோதனையும் உண்டு. உச்சி வெயிலில் நீர் குறைந்த நெல்லின் இலை குழல் போலச் சுருண்டுகொள்வதைப் பார்த்திருப்போம். நீர் இழப்பைக் குறைக்கச் செடி செய்யும் தந்திரம் அது. 2018-ல் சீன, அமெரிக்க விஞ்ஞானிகள் நெல்லுக்குள் 166 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு பொய்ச் சீட்டை வைத்தார்கள். 166 குறைந்ததும் இலை தானே சுருண்டது, நீர் இழப்பு குறைந்தது, வறட்சியைத் தாங்கியது. ஆனால் மழை பெய்கிற வருஷத்திலும் சுருண்டே இருக்கும் இலைக்கு வெயில் படும் இடம் குறைவு. வீட்டுக்குத் தேவை கருகாத பயிர் மட்டுமல்ல, களத்துக்கு வரும் நெல்லும் அல்லவா?

குழாய்க்குள் நிற்கும் பயிர்

போவன்பள்ளியிலிருந்து பாலாநகர், கூகட்பள்ளி வழியாக மேற்கே போனால் பட்டான்செரு. அங்கே 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் என்ற சர்வதேச ஆராய்ச்சி நிலையம் சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை ஆகிய புன்செய்ப் பயிர்களுக்கென்றே நடக்கிறது. அதன் விதைக் களஞ்சியத்தில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகள் இருக்கின்றன. துவரை, கொண்டைக்கடலை, கம்பு ஆகியவற்றின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து எழுதிய பணிகளிலும் இந்த நிலையத்தின் பங்கு பெரிது. எந்தச் சீட்டு எந்த உத்தரவைத் தடுக்கிறது என்று தேடுபவர்களுக்கு இந்தத் தொகுதிதான் அகராதி.

அங்கே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்கும் மேலான நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய்களில் மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பயிரை வளர்த்து, குழாயோடு தூக்கி எடை போடுகிறார்கள். இன்று என்ன எடை, சில நாள் கழித்து என்ன எடை என்று பார்த்தால் செடி எத்தனை தண்ணீர் குடித்தது என்று தெரிந்துவிடும். மார்க்கெட் தராசில் மூட்டை போடுவது போலத்தான். அப்படிக் கம்பை நிறுத்துப் பார்த்ததில் ஒரு ருசிகரமான விஷயம் தெரிந்தது. கடைசிக் கட்ட வறட்சியைத் தாங்கும் கம்பு ரகங்கள் பஞ்ச காலத்தில் மட்டும் சிக்கனம் பிடிப்பவை அல்ல. தண்ணீர் தாராளமாக இருக்கும் நாளிலேயே இலையின் ஓர் அங்குலத்துக்கு இத்தனை என்று குறைவாகச் செலவு செய்கின்றன. மண்ணில் மிஞ்சியது கதிர் பிடிக்கும் வேளைக்கு உதவுகிறது. முதல் தேதி சம்பளத்தைப் பத்தாம் தேதிக்குள் கரைக்காமல், கடைசி வாரத்துக்கு நிறுத்தி வைக்கும் குடும்பஸ்தனின் கணக்கு!

இதே நிலையத்தின் விஞ்ஞானிகள், ஐ.சி.சி. 4958 என்ற கொண்டைக்கடலையில் வறட்சித் தாங்கும் குணங்கள் பல ஒரே இடத்தில் கூடியிருக்கும் மரபணுப் பகுதியைக் கண்டார்கள். அந்தப் பகுதியைச் சாதாரண ஒட்டுச் சேர்க்கை மூலமே வேறொரு ரகத்துக்குள் கொண்டுவந்து, டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்துடன் உருவான பூசா 10216 என்ற ரகம் 2019-ல் வெளியானது. இதில் சிறு ஆர்.என்.ஏ.வை யாரும் தொடவில்லை. என்றாலும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் வயலுக்கு வந்திருப்பது இதுதான். மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கூட்டியோ குறைத்தோ வறட்சி தாங்கும்படி செய்த விதை எதுவும் இந்திய உழவன் கைக்கு வந்ததில்லை. மரபணு மாற்றிய பயிர் என்று இங்கே உழவர் சாகுபடி செய்ய அனுமதி பெற்று வயலுக்கு வந்தது 2002-ல் வந்த பி.டி. பருத்தி ஒன்றே.

வழி காட்டும் சீட்டு

எனினும் சிறு ஆர்.என்.ஏ. வேறொரு வழியாக நெல்லுக்குள் நுழைந்துவிட்டது. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் என்ற கருவி 2012-ல் வந்தது. அதை உருவாக்கிய இரு பெண் விஞ்ஞானிகள் இமானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா ஆகியோர் 2020-ல் நோபல் பரிசு பெற்றனர். இந்தக் கருவியிலும் வழிகாட்டுவது ஒரு சிறு ஆர்.என்.ஏ. அதிலுள்ள சுமார் 20 எழுத்துகள், மூல ஃபைலில் எந்தப் பக்கத்தில் வெட்ட வேண்டும் என்று இடம் காட்டுகின்றன. செடியின் சொந்தச் சீட்டு நகலைத்தான் கிழிக்கும். இது மூலத்தையே திருத்துகிறது. வேலை முடிந்ததும் அந்தக் கருவியைச் சுமக்காத நாற்றுகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள். அந்நிய மரபணு எதுவும் மிஞ்சுவதில்லை. இவ்வகைச் செடிகளுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்குரிய கடுமையான விதிகளிலிருந்து மத்திய அரசு 2022 மார்ச் மாதம் விலக்கு அளித்தது.

2025 மே 4-ம் தேதி டில்லியில் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று ஐதராபாத் ராஜேந்திர நகரில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. தமிழ்நாட்டுக் கடைகளில் டீலக்ஸ் பொன்னி என்று விற்கப்படும் சம்பா மசூரியைத் திருத்தியது. கமலா என்று பெயர். கதிரில் மணி கூடும், தாய் ரகத்தைவிட சுமார் 20 நாள் முன்பே விளையும் என்கிறார்கள். 20 நாள் குறைந்தால் அத்தனை நாள் பாய்ச்ச வேண்டிய தண்ணீர் மிச்சம்.

மற்றொன்று டில்லியில் விசுவநாதன் சின்னுசாமி முதலியோர் உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. நெல் 1. ஆந்திராவின் மார்டேருவில் பிறந்து, காட்டன்தொர சன்னாலு என்று பெயர் பெற்ற எம்.டி.யு. 1010 இதன் தாய். இலைத்துளைகள் மூடுவதைத் தடுக்கும் ஒரு மரபணுவை இதில் முடக்கியிருக்கிறார்கள். 2020-ல் இவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், இலை அகலமாகி, துளைகள் குறைந்து, காய விட்டபோது இலை நீரைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருந்தது தெரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிவிப்பின்போது தரப்பட்ட 9.66 முதல் 30.4 சதவீதம் வரையிலான மகசூல் கூடுதல், உவர் மண்ணுக்கும் களர் மண்ணுக்கும் சொல்லப்பட்டது. வறண்ட மானாவாரி வயலுக்குச் சொல்லப்பட்டதல்ல.

அறிவிப்புக்குப் பின் எதிர்ப்பும் எழுந்தது. பல ஊர்ச் சோதனைகளின் விவரங்கள் இந்தப் பெருமைகளுக்குப் பொருந்தவில்லை என்று மரபணு மாற்றத்தை எதிர்க்கும் அமைப்பினர் கூறினார்கள். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் அதை மறுத்தது. கிரிஸ்பர் கருவியின் காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருப்பது மற்றொரு கேள்வி. விளைந்த நெல்லில் ஒரு பகுதியை மறு வருஷ விதைக்கு எடுத்து வைக்கும் உரிமையை 2001-ம் ஆண்டுச் சட்டம் உழவனுக்குத் தந்திருக்கிறது. புதிய விதையோடு வரும் ஒப்பந்தங்கள் அந்த உரிமையைத் தொடாமல் இருக்குமா என்று கேட்பது விஞ்ஞானத்துக்கு விரோதம் ஆகாது.

பரமக்குடியில் என்ன இருக்கிறது?

இதற்கிடையில், ராமநாதபுரம் பக்கத்தில் புழுதி விதைப்பு செய்பவர்கள் எந்த ஆய்வுக்கூடத்துக்காகவும் காத்திருக்கவில்லை. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்க்கிறார்கள். அவர்களுக்காகவே பரமக்குடியில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் 2009-ல் அண்ணா ஆர் 4 என்ற நெல்லை வெளியிட்டது. நூறு நாளைச் சற்றே தாண்டி விளையும் இந்த ரகம் மானாவாரிக்கும் பாதி வறண்ட நிலத்துக்கும் ஏற்றது. ஒட்டுச் சேர்த்து, காய விட்டு, பிழைத்ததைப் பொறுக்கி எடுத்த பழைய முறையில் வந்ததுதான். அதன் இலைக்குள்ளும் துண்டுச் சீட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். பொறுக்கியவர்கள் அவற்றைப் படித்துப் பொறுக்கவில்லை, அவ்வளவே.

அறிவிப்பு வேறு, விதை மூட்டை வேறு. அறிவிக்கப்பட்ட ரகத்தின் கருவிதை, ஆதார விதையாகி, சான்று விதையாகி மூட்டையில் வருவதற்குள் பல போகங்கள் கழியும். ஆவணியில் ஊருக்குப் போகிறவர்கள், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் மானாவாரிக்கு என்ன ரகம் இருப்பில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வருவது நல்லது. விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே கேட்டால்தான் கிடைக்கும்.